பதினாறு வயதில் குவார்ட்டர்: சேர்க்கை மட்டும்தான் காரணமா?

தாமிரபரணிக் கரை (இழையைத் தொடங்கியவர்)
ஞாயிறு, இரவு 10.12

வணக்கம். ஊர் திருநெல்வேலிப் பக்கம் என்பது மட்டும் போதும். மகன் பதினொன்றாம் வகுப்பு. சென்ற வாரம் எங்கள் ஊர் அம்மனுக்குக் கொடைத் திருவிழா. நள்ளிரவுச் சாமக்கொடை நடந்துகொண்டிருந்த நேரத்தில் நான்கு பையன்கள் ஊருக்கு வெளியே ஒரு பம்புசெட் கொட்டகையில் ஒரு ஃபுல் பாட்டிலைக் குடித்து முடித்திருக்கிறார்கள். ஒருவன் அங்கேயே நினைவிழந்து விழுந்து மருத்துவமனைக்குப் போனான், இப்போது தேறிவிட்டான். என் மகன் வழியெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்து வந்தான்.

"சேர்க்கை சரியில்லை" என்று வீட்டில் எல்லோரும் ஒரே குரலில் சொல்கிறார்கள். பையனை மதுரையில் ஒரு விடுதிப் பள்ளியில் சேர்த்துவிடு என்கிறார் மாமனார். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் மற்ற மூன்று வீடுகளுக்கும் போய்ப் பேசியபோது ஒரு வேடிக்கை தெரிந்தது. ஒவ்வொரு வீட்டிலும், தம் பையன் தங்கம், மற்ற மூவரும்தான் கெடுத்தார்கள் என்கிறார்கள். நால்வரும் தங்கம் என்றால் கெடுத்தவன் யார்?

பள்ளியை மாற்றினால் சரியாகுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

கரிசல்காட்டான்
ஞாயிறு, இரவு 10.31

கெடுத்தவன் யார் என்று இன்னுமா தேடுகிறீர்கள்? தெருமுனையில் பச்சைப் பலகை போட்டு உட்கார்ந்திருக்கிறானே, அவன்தான். 2003 நவம்பரில் மதுவின் சில்லறை விற்பனையையும் அரசே கையில் எடுத்தது. 2024-25 நிதியாண்டில் டாஸ்மாக் வழியாகக் கருவூலத்துக்கு வந்தது 48,000 கோடி ரூபாய்க்கு மேல். இந்த வருமானத்தை நம்பி வாழும் அரசு, உங்கள் மகன் குடிக்கக் கூடாது என்று உளமாரவா நினைக்கும்? 2015-இல் கடையை மூடச் சொல்லிக் கைப்பேசிக் கோபுரத்தில் ஏறிய காந்தியவாதி சசிபெருமாள் உயிரையே விட்டார். அதற்குப் பிறகு 2016-இல் 500 கடை, 2017-இல் 500 கடை, 2023-இல் 500 கடை என்று மூடினார்கள். வருமானம் குறைந்ததா? ஏறித்தான் இருக்கிறது. மூடினால் முழுதாக மூட வேண்டும். மற்றதெல்லாம் கண்துடைப்பு.

---

பழைய பேட்ச்
ஞாயிறு, இரவு 10.50

இதற்கு ஏன் இத்தனை பதற்றம் என்று எனக்குப் புரியவில்லை. நாங்களும் அந்த வயதில் கொடைக்குக் கொடை குடித்தவர்கள்தான். கெட்டா போய்விட்டோம்? இன்று ஒருவன் வங்கி மேலாளர், ஒருவன் துபாயில் பொறியாளர். இரண்டு அறை விடுங்கள், அடங்கிவிடுவான்.

---

கணக்கு வாத்தியார்
ஞாயிறு, இரவு 11.26

தாமிரபரணி ஐயாவுக்கு: நான் மேல்நிலைப் பள்ளி ஆசிரியன். கெட்ட பையன் யார் என்று தேடினால் கடைசிவரை கிடைக்கமாட்டான். பாட்டில் யார் கை வழியாக வந்தது என்று தேடுங்கள், ஒரு மணி நேரத்தில் ஆள் கிடைப்பார்.

நம் மாநிலத்தில் 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கக் கூடாது. சட்டத்தை விடுங்கள். உள்ளூர்க் கடை வரிசையில் பதினாறு வயதுப் பையன் நின்றால், அவன் வீடு போய்ச் சேருவதற்குள் செய்தி போய்ச் சேர்ந்துவிடும். ஆகவே வாங்கித் தர ஓர் "அண்ணன்" தேவை. இருபத்திரண்டு, இருபத்து நான்கு வயது. படிப்பை முடித்திருப்பார் அல்லது பாதியில் விட்டிருப்பார், பைக் இருக்கும். பையன்களிடம் அவர் காசு எதிர்பார்ப்பதில்லை. பாட்டிலில் ஒரு வாய் கிடைத்தால் சரி. அவருக்கு வேண்டியது ஆள். கொடைக்கு ஃபிளெக்ஸ் கட்ட, ஒரே நிறச் சட்டை போட்டு மேளத்துக்கு முன்னால் ஆட, தேர்தல் வந்தால் கொடி பிடிக்க, அவர் பின்னால் பத்துப் பையன்கள் திரிய வேண்டும். அந்தப் பத்துப் பேருக்கும் அவர் தரும் மரியாதை, பள்ளியில் நாங்கள் தருவதைவிட அதிகம். உண்மையைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை: கணக்கில் நாற்பது மதிப்பெண் வாங்குகிறவனைப் பள்ளியில் யாரும் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடுவதில்லை. அவர் "வாடா தம்பி" என்கிறார். ஃபிளெக்ஸில் படமும் போடுகிறார்.

அடுத்து, ஏன் இப்படி ஒரே மூச்சில் குடிக்கிறார்கள்? பெரியவர்கள் பாரில் உட்கார்ந்து சுண்டலும் மிக்சருமாக இரண்டு மணி நேரம் இழுக்கிறார்கள். பையன்களுக்கு உட்கார இடம் இல்லை, நேரமும் இல்லை. ஆளுக்கு இவ்வளவு என்று காசு போட்டு வாங்கிய பாட்டில். குறைவாகக் குடித்தால் தன் காசு அடுத்தவன் வயிற்றுக்குப் போகிறது. மிச்சம் வைத்தால் வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. கீழே ஊற்ற மனம் வராது. வீட்டில் தேடுவதற்குள் திரும்பவும் வேண்டும். ஆகவே மாதத்திலோ பருவத்திலோ ஒரு முறை, அரை மணி நேரத்தில், ஒரு பாட்டில் காலி. இந்த அளவை அவர்களின் ஆசை தீர்மானிப்பதில்லை. பயமும் பங்குக் கணக்கும்தான் தீர்மானிக்கின்றன.

இன்னொன்று. இளைஞர் நீதிச் சட்டம், 2015, பிரிவு 77-ஐப் படித்துப் பாருங்கள். மருத்துவர் சொல்லாமல் சிறாருக்கு மது கொடுக்கிறவருக்கு ஏழு ஆண்டுவரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதமும் உண்டு. கடைக்காரருக்கு மட்டுமல்ல, யார் கொடுத்தாலும். எங்கள் ஊர் அண்ணன் ஒருவரிடம் இதை அச்செடுத்துக் கையில் கொடுத்தேன். அதற்குப் பிறகு அவர் என்னைப் பார்த்தால் எதிர்த் தெருவில் நடக்கிறார். அது எனக்கு வசதிதான்.

---

இரவுப்பணி
திங்கள், காலை 6.40

பழைய பேட்ச் அண்ணனுக்கு: நீங்கள் கெட்டுப் போகவில்லை, சரி. உங்களோடு குடித்து விழுந்து எழுந்திருக்காதவர் இந்த இழையில் வந்து எழுத முடியாது அல்லவா.

நான் அவசரப் பிரிவில் செவிலி. இப்போதுதான் பணி முடிந்து வந்தேன். ஒரு கணக்குச் சொல்கிறேன், வாத்தியார் சரிபார்க்கட்டும். நம் ஊர் பிராந்தி, ரம், விஸ்கி எல்லாவற்றிலும் சாராயச் சத்து 42.8 சதவீதம் என்று பாட்டிலிலேயே அச்சிட்டிருக்கும். ஒரு குவார்ட்டர் 180 மில்லி. அதில் தூய ஆல்கஹால் 77 மில்லி. எடைக்கு மாற்றினால் ஏறத்தாழ 61 கிராம். ஒரே தடவையில் 60 கிராமோ அதற்கு மேலோ குடிப்பதைத்தான் உலக சுகாதார நிறுவனம் மிதமிஞ்சிய குடி என்று வகைப்படுத்துகிறது. அதாவது நம் ஊரில் "ஒரே ஒரு குவார்ட்டர்தான்" என்று சாதாரணமாகச் சொல்கிறோமே, அது வளர்ந்த ஆளுக்கே எல்லையைத் தாண்டிய அளவு. நான்கு பையன்கள் ஒரு ஃபுல், அதாவது 750 மில்லி, என்றால் ஆளுக்கு 187 மில்லி வருகிறது.

ஐம்பது கிலோ எடையுள்ள பையன் வெறும் வயிற்றில் அதை அரை மணி நேரத்தில் குடித்தால், இரத்தத்தில் 100 மில்லிக்கு 150 மில்லிகிராமைத் தாண்டிவிடும். வண்டி ஓட்டுவதற்குச் சட்டம் வைத்த எல்லை 30. கல்லீரல் மணிக்கு ஏழெட்டு கிராம்தான் கழிக்கும். மோர், எலுமிச்சைச் சாறு, கருப்புக் காப்பி, தலையில் தண்ணீர், எதைச் செய்தாலும் அந்த வேகம் மாறாது.

இதை ஒவ்வொரு வீட்டிலும் எழுதி ஒட்டுங்கள்: குடித்து மயங்கிய பையனை "தூங்கட்டும், தெளிந்துவிடும்" என்று மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டுப் போகாதீர்கள். வாந்தி மூச்சுக்குழாயில் போய் அடைத்துக்கொள்ளும். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், பக்கத்தில் ஒருவர் இருங்கள். விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். எழுப்பினால் எழவில்லை, மூச்சு விட்டு விட்டு வருகிறது, உடம்பு சில்லிட்டிருக்கிறது என்றால் 108. வந்தபின் எங்களிடம் "ஃபுட் பாய்சன்" என்று சொல்லாதீர்கள். மானத்துக்குப் பயந்து அப்படிச் சொல்லித்தான் முக்கால்வாசிப் பேர் கொண்டு வருகிறார்கள். வாடையிலேயே எங்களுக்குத் தெரிந்துவிடும்; ஆனால் எவ்வளவு, எப்போது என்று கேட்டுப் பதில் வாங்குவதற்குள் நேரம் போய்விடுகிறது. விழுந்தவனைத் தூக்கி வந்த பையன்களை வாசலிலேயே அடிக்கவும் வேண்டாம். அடித்தால் அடுத்த முறை தூக்கி வரமாட்டார்கள், போட்டுவிட்டு ஓடிவிடுவார்கள்.

---

கணக்கு வாத்தியார்
திங்கள், காலை 7.05

கணக்கு சரி.

---

விடுதி அறை
திங்கள், மாலை 5.18

நான் உளவியல் இளங்கலை இரண்டாம் ஆண்டு. வயதில் உங்கள் எல்லோரையும்விடச் சின்னவன். ஆனால் இந்த விஷயத்தில் மிக அண்மையில் இருந்தவன் நான்தான் என்பதால் எழுதுகிறேன்.

நண்பர்கள் கட்டாயப்படுத்திக் குடிக்க வைக்கிறார்கள் என்று பெரியவர்கள் நினைக்கிறீர்கள். என்னை ஒருவரும் கட்டாயப்படுத்தியதில்லை. "வேண்டாம்" என்றால் "சரிடா, கோலா குடி" என்பார்கள். ஆனால் அந்தக் கோலாவோடு ஓரமாக உட்கார்ந்திருக்கும்போது, இந்த வகுப்பிலேயே குடிக்காதவன் நான் ஒருவன்தான் என்று தோன்றும் பாருங்கள், அதுதான் வேலை செய்கிறது. யாரும் வாய் திறந்து ஒரு சொல் சொல்ல வேண்டியதில்லை.

அப்படித் தோன்றுவது பெரும்பாலும் பொய். பெர்கின்ஸ், பெர்கோவிட்ஸ் என்ற இருவர் 1986-இல் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் ஆய்வு செய்து, மற்றவர்கள் தம்மைவிட அதிகமாகக் குடிப்பதாகவும் அதை ஏற்பதாகவும் மாணவர்கள் மிகைப்படுத்தி நம்புகிறார்கள் என்று காட்டினார்கள். நம் நாட்டுக் கணக்கைப் பாருங்கள்: மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்திய கணக்கெடுப்பு 2019-இல் வந்தது. அதன்படி 10 முதல் 17 வயதுக்குள் மது அருந்துகிறவர்கள் 1.3 சதவீதம். ஊருக்கு ஊர் கூடக் குறைய இருக்கும், பிள்ளைகள் மறைத்தும் சொல்லியிருப்பார்கள். எப்படிப் பார்த்தாலும் "எல்லோரும் குடிக்கிறார்கள்" என்பது உண்மையில்லை. ஆனால் குடிக்காத முப்பது பேர் அன்று இரவு தாம் தோசை சாப்பிட்டதை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவதில்லை. குடித்த நால்வர் கிளாஸை வைத்துப் படம் போடுகிறார்கள். மறுநாள் வகுப்பு முழுக்க அதே பேச்சு.

கூட்டமாக இருக்கும்போது துணிச்சல் ஏறுவதும் உண்மை. 2005-இல் கார்ட்னரும் ஸ்டைன்பெர்க்கும் ஒரு கணினி வண்டி விளையாட்டை வைத்துச் சோதித்தார்கள். மஞ்சள் விளக்கு எரியும்போது நிறுத்துவதா, ஓட்டுவதா என்று முடிவெடுக்க வேண்டும். தனியாக விளையாடியபோது பதின்வயதினர் பெரியவர்களிடமிருந்து அதிகம் வேறுபடவில்லை. நண்பர்கள் பக்கத்தில் இருந்தபோது பதின்வயதினரின் துணிச்சல் வெகுவாக ஏறியது. பெரியவர்களிடம் மாற்றமே இல்லை. பம்புசெட்டில் அந்த நால்வரில் எவனும் தனியாக இருந்திருந்தால் இரண்டாவது கிளாஸைத் தொட்டிருக்கமாட்டான் என்பது என் ஊகம்.

---

பேச்சி
திங்கள், இரவு 9.02

வாத்தியாரும் தம்பியும் நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் எல்லோரும் பம்புசெட்டிலேயே நிற்கிறீர்கள். கொஞ்சம் வீட்டுக்குள் வாருங்கள்.

எங்கள் பக்கத்தில் கொடைக்கு வெளியூர்ச் சொந்தம் எல்லாம் வந்து இறங்கும். ஆண்கள் மாடிக்குப் போய்விடுவார்கள். கீழே நாங்கள் கறி வதக்கிக்கொண்டிருப்போம். "மாமாவுக்கு இதைக் கொண்டு போய்க் கொடுடா" என்று எட்டு வயதுப் பையன் கையில்தான் தட்டைக் கொடுத்து அனுப்புவோம். அவனுக்குப் பன்னிரண்டு வயதாகும்போது சோடா வாங்க ஓடுவான். பதினான்கில் தாய்மாமன் தோளில் கை போட்டு, "மருமகன் பெரிய ஆளாகிவிட்டான், ஒரு மூடி பீர் ஊற்று" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள், அம்மாவும் சேர்ந்து. அவன் பதினாறில் பம்புசெட்டுக்குப் போனால் மட்டும் வானம் இடிந்து விழுந்ததுபோலச் சேர்க்கை, சேர்க்கை என்று அலறுவோம். மாடியில் இருந்தது என்ன சேர்க்கை?

அடுத்தது கல்யாணத்துக்கு முந்தின இரவு மாப்பிள்ளைத் தோழர்களுக்கு "ஏற்பாடு". இழவு வீட்டில் மேளக்காரருக்கும் தூக்குகிறவர்களுக்கும் ஏற்பாடு. தேர்தலுக்கு முதல் நாள் ஏற்பாடு. எல்லா ஏற்பாட்டையும் பெரியவர்கள் செய்கிறார்கள், விநியோகம் செய்ய வயதுப் பையன்களைத்தான் விடுகிறார்கள். சிறாரைக் கொண்டு மதுவைக் கொண்டுவரச் செய்வதற்கும் அதே சட்டத்தில் தண்டனை உண்டு என்று கேள்விப்பட்டேன். வாத்தியார் சொல்லட்டும்.

பெண்பிள்ளைகளையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். அண்ணன் குடித்துவிட்டு வந்து படுத்தால் வாந்தி துடைப்பவளும், "அப்பாவிடம் சொல்லாதே" என்று வாய் கட்டப்படுபவளும் பதின்மூன்று வயதுத் தங்கைதான்.

---

கணக்கு வாத்தியார்
திங்கள், இரவு 9.20

பிரிவு 78. அதே ஏழு ஆண்டு, அதே ஒரு லட்சம்.

---

பழைய பேட்ச்
திங்கள், இரவு 9.41

வீட்டிலேயே பெரியவர் முன்னால் ஒரு வாய் குடித்துப் பழகினால் வெளியே போய் அளவில்லாமல் குடிக்கமாட்டான் என்று ஒரு கட்சி இருக்கிறதே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்? ஐரோப்பாவில் அப்படித்தானாம்.

---

விடுதி அறை
திங்கள், இரவு 10.15

அந்தக் கட்சிக்கு ஆதரவாகச் சான்று கிடைக்கவில்லை அண்ணா. ஆஸ்திரேலியாவில் ஏறத்தாழ 1,900 பிள்ளைகளைப் பன்னிரண்டு வயதிலிருந்து ஆறு ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 2018-இல் வெளிவந்தது. பெற்றோர் கையால் வாங்கிக் குடித்தவர்களுக்குப் பாதுகாப்பு எதுவும் கிடைக்கவில்லை. அவர்கள் பின்னர் வெளியிலும் வாங்கிக் குடிக்கும் வாய்ப்பும், அளவு மீறும் வாய்ப்பும் அதிகமாகத்தான் இருந்தன.

---

ஆஸ்லோ வாசி
செவ்வாய், அதிகாலை 2.30

ஐரோப்பா என்றதால் நானும் எழுதுகிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நோர்வேயில் பிள்ளைகளை வளர்த்தவன். இங்கே மேல்நிலைக் கல்வி முடிக்கும் பிள்ளைகள் சிவப்புக் காற்சட்டை போட்டுக்கொண்டு மே 17 தேசிய தினம்வரை கொண்டாடுவார்கள். பேருந்தை வாடகைக்கு எடுத்து இரவிரவாகக் குடிப்பதும் அதில் அடக்கம். ஆகவே "அங்கே பிள்ளைகள் அளவோடு குடிக்கிறார்கள்" என்பதை நம்ப வேண்டாம்.

ஆனால் பக்கத்து ஐஸ்லாந்தின் கதையைக் கேளுங்கள். 1998-இல் அங்கே 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதம் பேர் முந்தைய ஒரு மாதத்துக்குள் வெறி ஏறும்வரை குடித்திருந்தார்கள். 2016-இல் அது 5 சதவீதம். கரிசல்காட்டான் கவனிக்க: அங்கேயும் மதுக்கடை அரசுடையதுதான். கடையை மூடவில்லை. இன்னும் சொன்னால், பியருக்கு இருந்த பழைய தடையை 1989 மார்ச்சில் நீக்கிய நாடு அது.

செய்தது என்ன? வாங்கும் வயது 20. மது விளம்பரத்துக்குத் தடை. 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள் குளிர்காலத்தில் இரவு 10 மணிக்கு மேல், கோடையில் நள்ளிரவுக்கு மேல் பெரியவர் துணையின்றி வெளியே நிற்கக் கூடாது. இதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது பெற்றோர் ஒப்பந்தம். ஒரு வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர் எல்லோரும் கூடி, என் வீட்டில் பெரியவர் இல்லாத விருந்து நடக்காது, வயது வராத பிள்ளைக்கு வாங்கித் தரமாட்டேன் என்று கையெழுத்துப் போடுகிறார்கள். அப்படிப் போட்டபின் "எல்லார் வீட்டிலும் விடுகிறார்கள், நீங்கள் மட்டும்தான்" என்ற வாதம் எடுபடாது. மாலை நேரத்துக்கு விளையாட்டு, இசை என்று சேர, ரெய்க்யவிக் நகரசபை ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆண்டுக்கு ஒரு தொகை தருகிறது. கணக்கெடுப்பு முடிந்த கையோடு முடிவுகளை ஊர் ஊராகத் திருப்பித் தருகிறார்கள், தன் ஊர் நிலவரம் அந்தந்த ஊருக்குத் தெரிகிறது.

ஐரோப்பாவின் வேறு பல நாடுகளிலும் அதே காலத்தில் பிள்ளைகளின் குடி குறைந்தது. ஆகவே முழுப் புகழையும் இந்தத் திட்டத்துக்கே கொடுக்க நான் ஆயத்தமில்லை. ஆனால் அவ்வளவு செங்குத்தாக எங்கும் இறங்கவில்லை.

எங்கள் நோர்வேயில் இரவுக் காகங்கள் என்று ஒரு தொண்டர் கூட்டம் உண்டு. வார இறுதி இரவுகளில் பெற்றோர் மஞ்சள் மேற்சட்டை போட்டுக்கொண்டு நகரத்தில் நடப்பார்கள். யாரையும் பிடிப்பதில்லை, திட்டுவதில்லை. சும்மா நடப்பார்கள். நானும் போயிருக்கிறேன். என் மகன் என்னோடு ஒரு மாதம் பேசவில்லை.

---

கரிசல்காட்டான்
செவ்வாய், காலை 8.10

ஐஸ்லாந்தின் மக்கள்தொகை நம் திருநெல்வேலி மாநகராட்சி அளவுகூட இல்லை. அங்கே பிள்ளைக்கு நீச்சல்குளம் இருக்கிறது, இங்கே விளையாட்டுத் திடலிலேயே பாட்டில் ஓடு கிடக்கிறது. தாமிரபரணி ஊரில் மாலை ஆறு மணிக்குமேல் ஒரு பையன் போவதற்கு எந்த இடம் இருக்கிறது, சொல்லுங்கள் பார்க்கலாம். கடை, கோயில் படிக்கட்டு, பாலம். இதில் கடைக்கு மட்டும்தான் விளக்கு எரிகிறது. பெற்றோர் கையெழுத்துப் போடட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்காக அரசு தன் கையைக் கழுவிக்கொள்ள விடமாட்டேன்.

---

நெறியாளர்
செவ்வாய், காலை 9.00

முழு மதுவிலக்கு வேண்டுமா என்ற விவாதத்துக்குத் தனி இழை இருக்கிறது, இதைவிட நீளமாக. இங்கே பையன்களைப் பற்றி மட்டும். கரிசல்காட்டானின் "ஆறு மணிக்குமேல் எங்கே போவது" என்ற கேள்வி இங்கேயே இருக்கட்டும்.

---

கணக்கு வாத்தியார்
செவ்வாய், இரவு 8.45

தாமிரபரணி ஐயாவின் முதல் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. பள்ளியை மாற்றலாமா?

டெனிஸ் கான்டெல் என்ற ஆய்வாளர் 1978-லேயே காட்டிய விஷயம்: நண்பர்கள் ஒருவரையொருவர் மாற்றுவது பாதிதான். முதலிலேயே தன்னைப் போன்றவனைத் தேடிப் பிடித்து நட்பாக்கிக்கொள்கிறார்கள். உங்கள் மகன் மதுரை விடுதிக்குப் போனாலும், இங்கே எதற்காக அந்த அண்ணனிடம் போனானோ அதே தேவையோடு அங்கே ஒருவரைத் தேடுவான். வித்தியாசம் என்னவென்றால், இங்கே அவன் வாந்தி எடுத்துக்கொண்டு நடந்து வர ஒரு வீடு இருந்தது.

விடுதி நல்ல பள்ளியாக இருந்து, அவனுக்கும் பிடித்திருந்தால் சேருங்கள். தண்டனையாக அனுப்பாதீர்கள்.

மற்ற மூன்று அப்பாக்களையும் கூட்டி ஒரு திண்ணையில் உட்காருங்கள். யார் மகன் முதலில் ஊற்றினான் என்ற பேச்சை எடுத்தால் கூட்டம் அன்றோடு முடிந்துவிடும். யார் வாங்கித் தந்தார் என்பதை மட்டும் பேசுங்கள். அந்த அண்ணனின் வீட்டுக்கு நால்வரும் சேர்ந்து போங்கள். தனியாகப் போனால் அடிதடி, நால்வராகப் போனால் பஞ்சாயத்து.

---

தாமிரபரணிக் கரை
வியாழன், இரவு 9.30

எல்லோருக்கும் நன்றி. பாட்டிலைக் கொடுத்தவரைக் கண்டுபிடித்துவிட்டோம். வாத்தியார் எழுதியதுபோலவே இருபத்து மூன்று வயது, பைக், ஃபிளெக்ஸ். கூடுதலாக, அவர் என் அண்ணன் மகன். பேச்சி அக்கா மாடி என்று எழுதியதைப் படித்தபோதே எனக்கு வயிற்றில் ஏதோ செய்தது. அந்த மாடி எங்கள் வீட்டு மாடிதான். பாட்டிலும் வாங்கியதல்ல, அங்கே மீந்ததுதான் என்கிறார் அவர்.

பள்ளியை மாற்றவில்லை. மகனிடம் கேட்டேன், கபடிக் குழுவில் சேர வேண்டும், ஆனால் பயிற்சி ஆறரை மணிவரை என்பதால் நீங்கள் விடமாட்டீர்கள் என்றிருந்தேன் என்றான். டியூஷன் நேரத்தை மாற்றியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் கூட்டம். அடுத்த கொடையில் சிறுவர்களை வைத்து பாட்டில் கடத்தக் கூடாது, இளைஞர் குழுவுக்குக் கொடை வரிப்பணத்தில் தரும் "கைச்செலவு" ரொக்கமாகப் போகக் கூடாது, சாமக்கொடை இரவில் ஊர்ப் பெரியவர்கள் நான்கு பேர் தோட்டப் பக்கம் ஒரு சுற்று நடக்க வேண்டும் என்று கேட்கப் போகிறோம். கமிட்டித் தலைவர் வரமாட்டேன் என்கிறார். அவர் மனைவி வருகிறேன் என்கிறார்.

---

இரவுப்பணி
வியாழன், இரவு 9.48

நடக்கப் போகிறவர்கள் கையில் டார்ச்சும் ஒரு போர்வையும் இருக்கட்டும். ஒருக்களித்துப் படுக்க வைப்பது எப்படி என்று கூட்டத்தில் ஒருவரைத் தரையில் கிடத்திச் செய்து காட்டுங்கள். அந்த நான்கு பையன்களையே செய்யச் சொன்னாலும் நல்லது.

---

பேச்சி
வியாழன், இரவு 10.05

தலைவர் வராவிட்டால் போகட்டும். அந்த அம்மா வந்தால் போதும், கொடைக்குக் கறி யார் வதக்குவது என்பதையும் அதே கூட்டத்தில் பேசி முடித்துவிடுங்கள். மாடிக்குத் தட்டுப் போகாது என்று நான்கு வீட்டுப் பெண்கள் சொன்னால் தலைவர் தானாகக் கீழே இறங்கி வருவார்.